மூன்றாவது மரம்

சிமெண்டையும் மணலையும் நன்றாகப் புரட்டிப் போட்டு, குவியலின் நடுவில் குழி பறித்துவிட்டு, எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிற சித்தாள் தண்ணீருக்காக நின்றாள். ரப்பர் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. சுவரில் விட்டிருந்த வழியாக அது வெளியே போய், பின்தெருவின் பொதுக்குழாயில் செருகியிருந்தது. வேலை தொடங்கிய அன்று ஒப்பந்தக்காரர் தெருவுக்கே வந்து, "நம்ம பூங்காதானேம்மா வரப்போகுது, கொஞ்சம் தண்ணி விட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் தெருவே உருகிப்போய்விட்டது. அன்றிலிருந்து குடங்கள் ஒதுங்கி நிற்க, சுவர்தான் முதலில் தண்ணீர் குடித்தது.

திடலைச் சுற்றிச் சுவர் எழும்பி முடிந்துவிட்டது. நெட்டையின் தலைக்கு மேல் இன்னும் ஒரு முழம் உயரம். அவளுக்கே அப்படி என்றால் மற்றவர்கள் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. இந்த ஒரு வழி மட்டும் பாக்கி. செங்கல்லும் மணலும் உள்ளே கொண்டுவருவதற்காக, ஒரு தள்ளுவண்டி நுழையும் அகலத்தில் விட்டிருந்தார்கள். கடைசியில் அங்கே ஒரு கதவு வரும் என்று பின்தெரு நம்பிக்கொண்டிருந்தது.

"இந்த வழிய இன்னைக்கே அடைச்சிரு மேஸ்திரி. நாளைக்குத் திறப்பு விழா" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தக்காரர் வண்டியில் போய் உட்கார்ந்தார்.

மேஸ்திரியும் பின்தெருக்காரர்தான். கரண்டியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நெட்டையைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தத் திடல் முன்பு வெறும் பொட்டல். முள்ளும் உடைந்த கண்ணாடியும் கிடந்த இடத்தைப் பின்தெருப் பெண்கள்தான் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். இரண்டு குழாய்க் கம்பிகளை நட்டு, நடுவே கயிறு கட்டி, வேலை விட்டு வந்ததும் எறிபந்து ஆடுவார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவள், மூட்டை தைக்கிறவள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், மேஸ்திரியின் மனைவி என்று எல்லாரும் உண்டு. பகலெல்லாம் குனிந்தே கிடந்த முதுகு, பந்து மேலே போகும்போதுதான் நிமிரும். நெட்டை கயிற்றை ஒட்டி நின்றால் எதிரணிக்குப் பாதி உயிர் போய்விடும். "பந்துக்கு மட்டும் இந்தக் கை இப்படி நீளுது அண்ணி, எங்க அண்ணன் கேக்கிற ரெண்டாவது டீக்கு நீளவே மாட்டேங்குது" என்பாள் அவள் நாத்தனார். துணி வெளுக்கிறவள் அவள்தான். "உங்கண்ணன் பந்து மாதிரி மேல வரட்டும், பிடிக்கிறேன்" என்பாள் நெட்டை.

போன வாரம் உள்ளே, அந்த வழிக்குப் பக்கத்திலேயே, ஒரு பெரிய பலகையை நட்டார்கள். வண்ணப்படம் போட்ட பலகை. பூங்கா, நடைபாதை, ஆட்டத்திடல், குழந்தைகளின் சறுக்குமரம், எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன்பக்கம் அடுக்குமாடிகளை ஒவ்வொரு ஜன்னலாக வரைந்திருந்தார்கள். நெட்டை பின்பக்கத்தில் தன் வீட்டைத் தேடினாள். சுவருக்கு அப்பால் வீடே இல்லை, வரிசையாக மரங்கள்தான் இருந்தன.

"குழாய் இங்கதானே இருக்கணும்?" என்று விரலால் அளந்தாள் நாத்தனார். "அப்ப நம்ம வீடு இதான் அண்ணி. மூணாவது மரம். பரவால்ல, மழை ஒழுகுற வீட்டுக்கு மரமே தேவலை."

சிரித்தார்கள். நெட்டையின் கண் மட்டும் படத்தில் கதவைத் தேடியது. திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்தான், முகத்தில் கர்வம் எதுவும் இல்லை. நெட்டை நேராகப் போய்க் கேட்டாள்.

"மேடம், இந்தப் பக்கத்துக் கதவு எங்க?"

"கதவு மெயின் ரோட்டுப் பக்கம்மா. எல்லாரும் அது வழியா வரலாம்."

"பாலத்தச் சுத்தி லாரிக்கு நடுவுல நடந்து வந்து சேர்றதுக்குள்ள நீங்க பூட்டிருவீங்களே. ஆறரைன்னு எழுதியிருக்கு. எங்களுக்கு வேலை விடுறதே அஞ்சரைக்கு."

"கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சோமேம்மா. அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே."

"என்னைக்கு வச்சீங்க?"

"ஒரு புதன்கிழமை. காலைல பதினோரு மணி."

"பதினோரு மணிக்கு நான் எங்கயோ மூணாவது மாடிக்குக் கல்லு தூக்கிக்கிட்டு இருந்திருப்பேன். கூட்டத்துக்கு யாருதான் வந்தாங்க?"

அதிகாரி அடுக்குமாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுக்குமாடியிலிருந்து வந்தார்களாம். பின்பக்கம் வழி விட்டால் கண்டவர்களும் உள்ளே வருவார்கள் என்று சொன்னார்களாம். 'கண்டவர்கள்' என்பது நெட்டை புரிந்துகொண்டது, அதிகாரியின் வாயில் அந்தச் சொல் வரவில்லை. பாதுகாப்பு என்று சொன்னாள். மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றும் சொன்னாள்.

எழுதினாளோ இல்லையோ, இதோ அடைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

குழியில் தண்ணீர் நிறைந்து சிமெண்டை நனைக்கத் தொடங்கியது. நெட்டை மண்வெட்டியை எடுக்கவில்லை. காலிச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மேஸ்திரி மெதுவாக, "எழுந்திரும்மா, அவர் பாக்குறாரு" என்றார். அவள் அசையவில்லை. ஒப்பந்தக்காரர் வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

"என்னம்மா உக்காந்துட்ட? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். கலவை போட மாட்டேன்."

"ஏன்?"

"நான் அந்தப் பக்கம்தான் குடியிருக்கேன். என்னை வெளிய வச்சு அடைக்கறதுக்கு நானே கலவை போடணுமா?"

"கூலி குடுக்கறது கலவை போடத்தான், கேள்வி கேக்க இல்ல."

"இத்தனை நாளும் ஒரு கேள்வி கேக்காமதான் போட்டேன்."

"அப்ப நாளையிலேருந்து நீ வேலைக்கு வராத."

"நாளைக்கு இங்க வேலையே இல்லையே சார். வேற ஏதாவது சொல்லி மிரட்டுங்க."

மேஸ்திரி சிரிப்பை அடக்க இருமினார். ஒப்பந்தக்காரரின் முகம் சிவந்தது. "இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த வேலையிலயும் உன்னை யாரும் சேக்க மாட்டாங்க. நான் ஒரு போன் போட்டாப் போதும்."

அது உறைத்தது. ஒரு போன் போதும் என்பது அவளுக்கும் தெரியும். கணவன் காவல் வேலையில் கொண்டுவருவது வாடகைக்கே சரியாகிவிடும். ஆனால் எழுந்து மண்வெட்டியைத் தொட்டுவிட்டால் அப்புறம் இந்தச் சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும். அவள் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அப்போது ரப்பர் குழாய் சட்டென்று தளர்ந்து, வழியைத் தாண்டிச் சரசரவென்று வெளியே ஓடியது. நாத்தனார் காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். நடந்ததை எல்லாம் வழியோரம் நின்று கேட்டுவிட்டு, குழாயைப் பிடுங்கி இழுத்துக்கொண்டிருந்தாள். பொதுக்குழாயின் வாயில் ஏற்கெனவே ஒரு குடம் உட்கார்ந்திருந்தது.

"யாரது தண்ணிய நிறுத்தினது?" என்று கத்தினார் ஒப்பந்தக்காரர்.

"நான்தான். வரிசையில குடம் நிக்குது பாருங்க. உங்க சுவரு கடைசில வந்து நிக்கட்டும்."

குடத்தோடு நின்ற பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நெருங்கி நின்றுகொண்டார்கள். மேஸ்திரியின் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தன் கணவனையே பார்த்தாள். சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டில் மேஸ்திரிக்குத் திடீரென்று ஏதோ பழுது தெரிந்தது. அதைக் குனிந்து ஆராய ஆரம்பித்தார்.

ஒப்பந்தக்காரர் பெண்களோடு மல்லுக்கட்டவில்லை. டிரைவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. பின்னால் குடிதண்ணீர் கேன்கள் இருந்தன. மெயின் ரோட்டுக் கடையில் விற்கிற, மூடியில் சீல் வைத்த பெரிய கேன்கள். டிரைவர் ஒவ்வொரு சீலாகக் கிழித்து, சிமெண்டின் மேல் கவிழ்த்தார். பளிங்கு போன்ற தண்ணீர் குளுக் குளுக்கென்று இறங்கிச் சாம்பல் நிறமாயிற்று.

வெளியே வரிசையில் நின்றவர்கள் வழிக்கு நெருங்கி வந்து பார்த்தார்கள்.

"எம்புள்ளை காய்ச்சல்ல கெடந்தப்ப அதுல ஒண்ணு வாங்கக் கடைவரைக்கும் போயிட்டு, விலையக் கேட்டுட்டுத் திரும்பி வந்தேன்" என்றாள் மேஸ்திரியின் மனைவி. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

டிரைவர் கலவையைக் கிளறத் தெரியாமல் கிளறினார். பாதி கஞ்சியாகவும் பாதி உதிரியாகவும் கிடந்தது. மேஸ்திரி கரண்டியை எடுத்தார். அடுத்த இரண்டு வேலையும் ஒப்பந்தக்காரரிடம்தான் இருக்கிறது, அவருக்கும் வேறு போக்கு இல்லை. முதல் செங்கல்லைக் கையில் எடுத்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செங்கல்ல நனைக்கணும் சார்."

"அதுக்கெல்லாம் தண்ணி எங்க இருக்கு? இருக்கறது கலவைக்கே பத்தாது. அப்படியே அடுக்கு."

"நனைக்க வேண்டாமா?"

"வேண்டாங்கறேன்ல. சீக்கிரம் முடி."

"நீங்க சொன்னாச் சரி சார்" என்றார் மேஸ்திரி.

நெட்டை எழுந்து, அந்த வழி மார்பளவு மூடும் முன்பே அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். அவளுடைய சட்டியும் மண்வெட்டியும் உள்ளேயே கிடந்தன. நாலு மணிக்குச் சுவர் ஒரே சுவராக நின்றது. வண்டி கிளம்பிப் போகும் சத்தம் அந்தப் பக்கத்தில் கேட்டது.

வேலை விட்டு ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத வழியைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தி மெயின் ரோடு சுற்றிப் போகலாமா என்றாள். போய்ச் சேரும்போது பூட்டுதான் இருக்கும் என்றாள் இன்னொருத்தி. வேலையும் போயிற்று, சுவரும் எழும்பிவிட்டது, இனி என்ன என்ற நினைப்பு நெட்டையைக் குடைந்தது.

மேஸ்திரி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தார். வீட்டுக்காரி உள்ளே கூப்பிடவில்லை போலிருக்கிறது.

"செங்கல்லு எலும்பாட்டம் காஞ்சு கெடந்துச்சு" என்றார், நிமிராமலே. "ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. அவரே வேண்டாம்னுட்டாரு."

நெட்டை அவரைப் பார்த்தாள். அவர் கரண்டியைப் பார்த்தார். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பே இருக்காது. இது இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம்.

அவள் குடம் ஒன்றைக் கவிழ்த்து ஏறி நின்று, மேல்வரிசைச் செங்கல்லில் கையை வைத்தாள். அலமாரியிலிருந்து டப்பா எடுப்பதுபோல் அது கையோடு வந்தது. அடியில் கலவை மாவாக உதிர்ந்தது. திரும்பி நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"வீசாத. ஓரமா அடுக்கு. ஒண்ணும் உடையக் கூடாது, நாளைக்கு உடைச்சிட்டோம்னு பழி வரும்."

"வீட்டுல ஒரு டம்ளரக்கூட உடைக்காம வைக்கத் தெரியாது, இங்க பாரு கரிசனத்த" என்றாள் நாத்தனார். ஆனாலும் வாங்கிய செங்கல்லைப் பதமாகக் கீழே வைத்தாள். கைமாறிக் கைமாறிச் செங்கல் இறங்கியது. மேஸ்திரி வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி உள்ளிருந்து டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வரிசைக்கு ஓடிவந்தாள்.

வழி திறந்து உள்ளே போனபோது, புது வலையும் புதுக் கம்பங்களுமாகத் திடல் கிடந்தது. யாரும் இதுவரை ஆடாத கோடுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. பந்து மேலே போனது. நெட்டை எழும்பி அதைப் பிடித்தபோது, காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. நாளைக்கு வேலை இல்லை என்பது நினைவு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த பந்துக்கு நின்றாள்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது மெயின் வாயில் பக்கமிருந்து அதிகாரி வந்தாள். நாளைய விழாவுக்குக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவள், அடுக்கி வைத்த செங்கல்லையும் திறந்து கிடந்த வழியையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்கல்லாம் எங்கேருந்து வர்றீங்க?"

ஆட்டம் நின்றது. நெட்டை முகத்து வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பலகையிடம் போனாள். செங்கல் எடுத்த கை, விரலெல்லாம் சிமெண்ட். மூன்றாவது மரத்தின் மேல் சுட்டுவிரலை வைத்து அழுத்தினாள்.

"இங்கேருந்து மேடம்."

விரலை எடுத்தாள். பச்சை மரத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. அதிகாரி புள்ளியையே பார்த்தாள்.

"எங்க வீடு இதுக்கு அடுத்தது" என்று மேஸ்திரியின் மனைவி வந்து நாலாவது மரத்தில் விரலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் மூட்டை தைக்கிறவள். பாத்திரம் தேய்க்கிறவள். குழாயடியில் நிற்பதுபோலவே ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து, தன் வீடு இருக்குமிடத்தை யோசித்து யோசித்து விரலை வைத்தார்கள்.

மரங்கள் பத்தவில்லை. கடைசியாக நின்றவள் பலகையை மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, சுவர் என்று போட்டிருந்த கறுப்புக் கோட்டின் மேலேயே தன் விரலை வைத்து அழுத்தினாள்.