வராத ரயிலின் வருகை நேரம்

எங்கள் ரயில் பாதை மொத்தம் பதினொரு மைல். ஒற்றைத் தண்டவாளம், மூன்று நிலையங்கள், ஒரே வண்டி. மூடப் போகிற நேரத்தில்தான் நிர்வாகத்துக்கு ஞானோதயம் வந்து, அதற்கு ஒரு வரலாறு வேண்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற பார்சல் குமாஸ்தாவான நான், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

பதினொரு மைலுக்குள் எல்லோரும் சம்பந்திகள்தான். என் அப்பா நடு நிலையத்து ஸ்டேஷன் மாஸ்டர். மாமனார் வண்டியின் டிரைவர். எங்களுக்குக் கல்யாணமான மறு வருடம் மாமாவின் வண்டி பாலத்தருகே ஒரு ட்ராலியில் மோதியது. அதைத் தள்ளிக்கொண்டு தண்டவாளம் பார்க்கப் போன கேங்மேன் இறந்துபோனார். அனுமதியில்லாமல் வண்டியை எடுத்தார் என்று விசாரணையில் சொல்லி மாமாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அன்றைய பதிவேடு தொலைந்துவிட்டதாக அப்பா சாட்சி சொன்னார். மாமா பதினேழு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்து செத்தார்.

அந்தப் பதிவேடு நேற்று அப்பாவின் பெட்டியில், பழைய சீருடைக்கு அடியில் கிடைத்தது.

முந்தின நிலையத்திலிருந்து வண்டியை எடுக்க மாமாவுக்கு அப்பா அனுமதி கொடுத்தது அதில் இருக்கிறது. அடுத்த வரியில், வண்டி 5.30க்கு வந்து சேர்ந்தது என்று அப்பாவின் கையெழுத்து. சாயங்கால வண்டி ஒருநாளும் பிந்தியதில்லை என்பதால், வருகையை மத்தியானமே எழுதி வைப்பது அவர் வழக்கம். நிலையத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு வண்டி பிந்திவிட்டது. பதிவேட்டில் வண்டியின் வருகையைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் ட்ராலியைத் தண்டவாளத்தில் இறக்கலாம். கேங்மேன் பார்த்திருக்கிறார், கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

எரித்துவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்வானேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விபத்தைப் பத்தி எழுதியாச்சா? எங்கப்பாவைக் கொஞ்சம் பாத்து எழுதுங்க. பேரப்பசங்க படிப்பாங்க."

பதிவேட்டை நீட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"உங்கப்பா எழுத்துதானே?"

"ஆமா."

'உங்கப்பாவை வச்சு ஒருநாளாவது குத்திக்காட்டியிருக்கேனா' என்று நாற்பது வருடமாகப் பெருமையடித்தவன் நான். வெட்கமாக இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்; திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அனுமதி குடுத்தாங்கம்மான்னு எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு."

"தெரியும்."

"நான் என்ன சொன்னேன், அது தெரியுமா?" மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "போதும்ப்பா, என் மாமனார் காதுல விழுந்துடப் போகுதுன்னு சொன்னேன்."