எண்ணெய்த் தொட்டிக்கு வேலமுளை

குரங்கணி இறக்கத்தில் நின்றுபோன எஸ்டேட் லாரிக்கு அடியில், விறகு வண்டியோடு வழியில் வந்த வீரணன் மல்லாந்து கிடந்தான். பாறையில் உரசி, இன்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியிலிருந்த வடிகால் திருகாணி எங்கோ தெறித்துவிட்டது. ஒழுகிய எண்ணெயைத் தகர டின்னில் பிடித்து வைத்திருந்தார்கள்.

போன வருஷம் இந்த லாரி வரும்வரை எஸ்டேட்டின் ஏலக்காய் மூட்டைகளெல்லாம் வீரணனின் மாட்டுவண்டியில்தான் போடிக்கு இறங்கின. இப்போது அவனுக்கு விறகு லோடு மட்டும். டிரைவர் வெள்ளைத்துரையின் காக்கிச் சட்டையைக் கண்டாலே அவன் வயிறு எரியும். அந்த எரிச்சலில் ஒரு சட்டி சோறு பொங்கலாம் என்பாள் அவன் மனைவி ராமுத்தாய். பொங்கிப் பார்த்ததில்லை.

"என்ன மாப்ளே, லாடம் அடிக்கிற சோலின்னு நெனச்சியா?" என்றான் வெள்ளைத்துரை, நிழலில் வெற்றிலை மென்றபடி.

"லாரிக்கு வைத்தியம் பாக்க மாட்டுக்காரன்தான வேண்டியிருக்கு, அண்ணே."

"வெரசா முடி," என்றார் எஸ்டேட் கணக்கப்பிள்ளை. "லாரி போடி போய்ச் சேரட்டும், அடுத்த ஏலக்கா லோடு ஒனக்கு."

வண்டிச் சக்கரம் ஆடினால் ஓடையில் ஊறப்போடுவது வீரணனின் வழக்கம். ஊறிய மரம் உப்பி இறுகும். அப்படியே வேலங்கட்டையில் ஒரு முளையைச் செதுக்கி, ஊறவைத்து, சணல் சுற்றித் துளையில் அறைந்தான். எண்ணெயைத் திரும்ப ஊற்றினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளைத்துரையைப் பார்த்து வீரணன் மீசையைத் தடவினான். மீசையெல்லாம் எண்ணெயானது.

லாரி முன்னே போயிற்று. தண்ணீரில் உப்பிய மரம் கொதிக்கும் எண்ணெயில் சுருங்கும் என்று எந்த வண்டிச் சக்கரமும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. அவன் வண்டி அடிவாரத்தை எட்டியபோது லாரி புகைந்து நின்றிருந்தது. முளை விழுந்து, எண்ணெய் முழுவதும் வழியில் கொட்டி, இன்ஜின் இறுகிவிட்டிருந்தது.

"ஒன்னால கெட்டுச்சு. மாட்ட அவுத்து இதுல பூட்டு," என்றார் கணக்கப்பிள்ளை. "கூலி கெடையாது."

"போய்ச் சேந்தா லோடு தர்றேன்னீகளே, ஐயா?"

"ஓடிப்போய்ச் சேந்தாடா. இழுத்துப்போயில்ல. இனிமே ஒனக்கு விறகு லோடுங்கூடக் கெடையாது."

வெள்ளைத்துரை இருக்கையை விட்டு இறங்கவில்லை. மாடுகள் வளைந்த பக்கமெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். போடி எல்லையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"சத்தமே இல்லாம எம்புட்டு நைசா ஓட்டுறாரு பாருங்கடி, டிரைவரண்ணன்!"

வெள்ளைத்துரை லேசாகத் தலையசைத்தான். மாடுகளின் வாயில் நுரை தொங்கியது. வீரணன் நுகத்தடிக்கு அடியில் தன் தோளையும் கொடுத்து நடந்தான்.