ஒரே ஹெல்மெட்

ஃப்ரீசர் பெட்டியின் பிளக் சுவரில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. சரவணகுமார் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் காலையிலிருந்து கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தால் முடிகிற வேலை. சம்பூர்ணம் அத்தை இரண்டு தடவை சொல்லியும் பார்த்துவிட்டாள். அவன் நகரவில்லை. அங்கே உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் தம்பியையும், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடக்கும் அம்மாவையும் பார்க்க வேண்டியதில்லை.

விஷாலுக்கு இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை, சதுரங்கப்பட்டினம் ரோட்டோரம் வற்றிக்கிடக்கும் ஏரியில் கிரிக்கெட் லீக் செமிஃபைனல். காதுக்கு மேலே பந்து பட்டு விழுந்தான். எழுந்து தண்ணீர்கூடக் குடித்தான். "ஒன்னும் இல்லணா" என்று சிரித்தான். செங்கல்பட்டு போகிற வழியில் ஆம்புலன்ஸில் நினைவு தப்பிப்போனது. திங்கட்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கட்டோடு இன்று காலைதான் கொடுத்தார்கள்.

வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறிப் பந்தலிலிருந்து பிரபா மாமாவின் குரல் கேட்டது. அம்மாவின் தம்பி. கோபம் வந்தால் யார் பேச்சையும் கேட்காத ஆள், அக்கா பேச்சைத் தவிர.

"ஹெல்மெட் இல்லன்னு தெரிஞ்சிகினே தலைக்குப் போட்டுக்கீறான்பா அந்தக் காலனிப் பையன். சும்மா வுட்ருவமா? இந்தப் பக்கம் வரட்டும், காலு ரெண்டையும் ஒடச்சி அனுப்பறேன்."

டீம் பையன்கள் ஆமாம் போட்டார்கள். பவுண்டரியில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது பக்கத்திலிருந்து பார்த்ததுபோலப் பேசினார்கள். சரவணகுமார் பிளக்கை இன்னும் அழுத்திப் பிடித்தான். நடந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் பெட்டிக்குள் இருந்தான். ஒருத்தன் காலனியில் இருந்தான்.

இந்த வருஷம்தான் லீகில் டென்னிஸ் பாலை விட்டுக் கல்லுபோன்ற ஸ்டிச் பாலுக்கு மாறினார்கள். ஊர் டீமுக்கு வாங்க முடிந்த ஹெல்மெட் ஒன்றே ஒன்று. பந்தை ஆடப்போகிறவன் தலையில் அது இருக்க வேண்டும். ரன் ஓடி முனை மாறினால், பிட்ச் நடுவில் நின்று கழற்றி மற்றவனுக்குக் கொடுக்க வேண்டும். சீசன் முழுக்க அப்படித்தான் ஆடினார்கள். எதிர் டீம்கள் கேலி செய்தன. அண்ணனும் தம்பியும் ஒரு தலையை இரண்டு பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காலனி டீமின் ஜெபாவே சிரித்திருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் டென்னிஸ் பாலில் ஜெபாவும் விஷாலும் ஒரே டீம்.

அன்றைக்கு ஜெபா வேகமாகப் போட்டான். கடைசி ஓவரின் நாலாவது பந்து சரவணகுமாரின் மூக்கை உரசுவதுபோலப் போனது. அவ்வளவு பயம் அவன் வாழ்நாளில் பட்டதில்லை. அடுத்த பந்தை எப்படியோ தட்டிவிட்டு ஓடினான். தப்பித்தோம் என்றிருந்தது. நடுவில் விஷால் வழக்கம்போலக் கையை நீட்டினான். ஹெல்மெட் வாரைக் கழற்றப் போனால் விரல்கள் கிடுகிடுவென்று ஆடின. தம்பி பார்த்துவிடுவானே என்று வெட்கமாக இருந்தது.

"ஒரு பால்தானடா, போய் ஆடு" என்றான்.

பந்தை வாங்க வந்த ஜெபா அதைக் கேட்டுவிட்டான். "குடுத்துடுணா. பந்து எகிறுது."

"உன் வேலயப் பாருடா. போய்ப் போடு."

அம்பயர் பந்துக் கணக்குக்காகக் கையில் வைத்திருந்த கூழாங்கற்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஜெபா ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பி நடந்தான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு பந்துதானே என்று விஷாலே ஹெல்மெட்டை வாங்காமல் போனதுபோலத்தான் தெரிந்தது.

"வந்துகினு கீறான்டா!" தெருமுனையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மேளம் நின்றது. சரவணகுமார் பிளக்கைப் பிடித்தபடியே எம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஜெபாவும் அவன் அப்பா ஆபிரகாமும் வந்துகொண்டிருந்தார்கள். நாவலூர் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிற யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்தார் ஆபிரகாம். பெரிய ரோஜா மாலையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார்.

எதுக்குடா வந்தே, வராம இருந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் அவனைத் திட்டினான் சரவணகுமார். அடித்துவிடுவார்களே என்று பயம். அடி தாங்காமல் உண்மையைச் சொல்லிவிடுவானே என்று அதைவிடப் பெரிய பயம்.

மாமா குறுக்கே போய் நின்றார். "அவன் தலையில ஹெல்மெட் இல்லாதத நீ பாத்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

ஜெபா நிமிர்ந்தான். ஜன்னலைப் பார்த்தான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. சரவணகுமாரின் கை தளர்ந்து பிளக் கழன்றது. பெட்டியின் சத்தம் அடங்கிப்போய் வீடே அமைதியானது.

"பாத்தேன்" என்றான் ஜெபா. "பாத்துட்டுதான் போட்டேன்."



அவன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றதும் சரவணகுமாருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்றுகூட இருந்தது. மாமா ஜெபாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்ததைப் பார்த்ததும் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

"வேணாம் அண்ணாத்த, புள்ளய வுட்ருங்க" என்று ஆபிரகாம் கெஞ்சினார். "மாலய மட்டும் போட்டுட்டுப் போயிடறோம்."

சம்பூர்ணம் அத்தை எழுந்து வந்து பிளக்கைச் சொருகி, செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, மற்றப் பெண்களோடு வாசலுக்கு ஓடினாள். அம்மா மட்டும் பெட்டியருகே இருந்தாள். சரவணகுமார் அவளிடம் தவழ்ந்து போனான்.

"அம்மா, மாமாவ நிறுத்தச் சொல்லு. நீ சொன்னாதான் கேக்கும்."

அம்மா தலையைத் தூக்கினாள். இரண்டு நாள் அழுகையில் முகம் வீங்கியிருந்தது. "இன்னாத்துக்கு நிறுத்தணும்?"

"ஹெல்மெட்டு என் தலையில இருந்துச்சும்மா. விஷால் கேட்டான். நான் குடுக்கல. குடுன்னு ஜெபாவும் சொன்னான். நான்தான் பயந்துகினு..."

அம்மா அவனையே பார்த்தாள்.  பிறகு வாசல் வழியாக, பந்தலில் நாற்காலியில் சாய்ந்துகிடந்த அப்பா சடையப்பனைப் பார்த்தாள். மாமாவின் பிடியில் இருந்த பையனையும் பார்த்தாள். மகன் எழுந்து வாசலுக்குப் போக முட்டி ஊன்றியதும் அவன் தோளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பெட்டிமேல் கிடந்த வலது கையை எடுத்து அவன் வாயைப் பொத்தினாள்.

"யாராண்டயும் சொல்லாத" என்றாள், அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா உன்ன உசுரோட வுடாது. எனக்கு நீ ஒருத்தன்தான்டா கீற."

வெளியே முதல் அடி விழுந்தது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. ஆபிரகாமின் குரல் ஒரு தடவை உயர்ந்து கேட்டது. யார் சொன்னார்களோ, மேளத்தை மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள்.

பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு அம்மாவின் கை சில்லிட்டிருந்தது. சாப்பிடாத உடம்பு, பலமே இல்லை. அந்தக் கையைத் தட்டிவிட அவனுக்கு ஒரு விரல் போதும். சரவணகுமார் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.