அஞ்சலை விழுங்கிய தங்கம்

மருத்துவமனை டெலிபோன் ஆபரேட்டருக்கு இரண்டு செல்லங்கள். ஒன்று கணவர், மற்றது பிரெயில் நோட்டேக்கர். இரண்டில் எது முதல் செல்லம் என்று கேட்டு யாரும் இதுவரை வம்பை விலைக்கு வாங்கியதில்லை.

தடித்த புத்தகம் அளவுள்ள அந்தக் கருவிக்குத் திரை கிடையாது. எழுத ஏழெட்டுப் பொத்தான்கள். வாசிக்க, விரலுக்கு அடியில் புள்ளிகளாக எழும்பும் ஒரே ஒரு வரி. வரிக்குப் பதினெட்டு எழுத்து, பொத்தானை அமுக்கினால் அடுத்த பதினெட்டு. அதற்கு அவள் வைத்த பெயர் தங்கம். கணவன் மனைவி இருவருக்குமே பார்வை இல்லை என்றாலும், அவர் லேப்டாப் கட்சி. வீடு வீடாகப் போய் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். அவருடைய லேப்டாப், திரையில் இருப்பதையெல்லாம் உரக்க வாசித்துக் காட்டும்.

"உங்க லேப்டாப்புக்கு வாயே மூடாதா?" என்பாள்.

"அது வேலை செஞ்சுகிட்டே பேசுது. எல்லாரும் அப்படியா?" என்பார் அவர்.

குடும்பத்துக்கு இருப்பது ஒரே மெயில் முகவரி. "குறிப்பெடுக்க உன் தங்கம் சரி. மெயிலுக்கெல்லாம் அது ஆகாதும்மா" என்று மூன்று வாரத்துக்கு முன் அவர் வாயை விட்டார். வந்ததே வீம்பு! மறுநாளே மருத்துவமனையில் உட்கார்ந்து, வீட்டு முகவரியைத் தங்கத்தில் ஏற்றிவிட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே போய் அஞ்சலை எடுத்து வரும்படியும் செய்தாள். ஒரு மாதம் ரகசியமாக ஓட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் அவர் மூக்கை உடைப்பதாகத் திட்டம்.

தங்கமும் ஏதோ செய்யத்தான் செய்தது. வெறும் எழுத்தாக வந்த மெயிலை ஒழுங்காக வாசித்தது. படமும் பெட்டியுமாக ஜோடித்து வந்த மெயிலுக்கு மட்டும் வெற்று வரியைக் காட்டியது. கூட ஏதாவது கோப்பு இருந்தால் 'திறக்க இயலாது' என்று கைவிரித்தது. அதெல்லாம் விளம்பரமாக இருக்கும் என்று அவள் தாண்டிப் போய்விட்டாள். நம் வீட்டுப் பிள்ளையை நாமே குறை சொல்வோமா?

இதற்கிடையே வீட்டில் கணவரின் முகம் தொங்கிக்கொண்டே போனது. ஓர் இசைப் பள்ளியில் பன்னிரண்டு பியானோக்களையும் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஆள் தேடினார்கள். நேர்முகத் தேர்வில் அவர் ஒரு பழைய பியானோவையே சரிசெய்து காட்டிவிட்டு வந்தார். முடிவை மெயிலில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் லேப்டாப் "புதிய அஞ்சல் இல்லை" என்று ஒப்பிக்கும். அவர் அதை மூடி வைப்பார்.

"விளம்பரம்கூட வரமாட்டேங்குது. ஊரே என்னை மறந்துடுச்சு போல" என்றார் ஒருநாள். அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, இணைப்புகள் ஓய்ந்த நேரமாகப் பார்த்து இசைப் பள்ளி அலுவலகத்தைப் பிடித்தாள். இருபது வருடம் ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கொடுத்த குரல் அது, சூடு பறந்தது.

"வேலை இல்லைன்னா இல்லைன்னு ஒரு வரி போடக் கூடாதா? ஒரு மனுஷனை இப்படியா காக்க வைப்பீங்க?"

அந்தப் பக்கம் இருந்த கிளார்க் அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "வேலை அவருக்குத்தாங்க. ஒம்பது நாள் முன்னாடியே மெயில் போட்டாச்சு. கூட இருக்கிற படிவத்தை இன்னைக்கு நாலு மணிக்குள்ள நிரப்பி அனுப்பலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க."

மறுபடி அனுப்பச் சொல்லிக் கெஞ்சினாள். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, வேலை உங்களுக்குத்தான்! மெயில் வருது, திறந்து பாருங்க!"

"வரலையேம்மா" என்றார் அவர், ஐந்து நிமிடம் கழித்து.

கிளார்க் அம்மா இரண்டாவது முறை அனுப்பினார். அதுவும் வரவில்லை. மணி மூன்று இருபது. சுவிட்ச்போர்டு பக்கத்தில் இருந்த கைப்பைக்குள் தங்கம் 'டிங்' என்றது.

அவள் பையைத் திறந்து வரியில் விரலை வைத்தாள். இசைப் பள்ளி. வெற்று வரி. ஒரு கோப்பு, திறக்க இயலாது. அதற்கு முந்தையதும் இசைப் பள்ளி. பட்டியலில் பின்னால் போகப் போக, ஒன்பது நாளுக்கு முன்னால் ஒன்று. அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் தங்கம் கேட்ட ஆயிரம் கேள்விகளில், 'எடுத்த அஞ்சலை இருந்த இடத்திலிருந்து நீக்கவா?' என்பதும் ஒன்று. வீடு சுத்தமாக இருப்பது நல்லதுதானே என்று ஆமாம் போட்டிருந்தாள். லேப்டாப் பார்ப்பதற்குள் தங்கம் போய் அத்தனையையும் வழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

பதற்றத்தில் அந்த மெயிலையே வீட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்பினாள். கோப்பைக் கழற்றி விட்டுவிட்டு அனுப்பிய தங்கம், அடுத்த நடையில் அதையும் தானே எடுத்து விழுங்கியது.

பள்ளிக்காரர்களின் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று கணவரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்தப் பொய். ஆனால் வீட்டில் போனை எடுத்ததும், "பரவாயில்லம்மா, நமக்குக் கொடுத்து வைக்கலை" என்று அவர்தான் அவளைத் தேற்றினார். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"எல்லாம் என்கிட்டதாங்க இருக்கு. தங்கத்துல ரகசியமா மெயில் வெச்சேன். உங்களை ஜெயிக்கணும்னு. மூணு வாரமா அதுதான் எல்லாத்தையும் எடுத்துக்குது."

"முதல்ல அதை அணை. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் அவர்.

அணைத்தாள். மூன்றாவது முறையாகக் கேட்டபோது, "இந்தத் தடவையாவது கிடைச்சிடுமா, இல்ல நானே நேர்ல வந்து கொடுக்கட்டுமா?" என்றார் கிளார்க் அம்மா. கிடைத்தது. லேப்டாப் கட்டம் கட்டமாக வாசிக்க, அவர் நிரப்பி அனுப்பி முடித்தபோது நான்கு அடிக்க ஆறு நிமிடம். படிவம் வந்து சேர்ந்ததா என்று அவள் இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள்.

மாலையில் வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தப்பு என் மேலதாங்க. என் வீம்பு உங்க வேலையையே தின்னுடப் பாத்துது" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை. 'ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேனே' என்று அவர் ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தாள். அவர் ஆரம்பிக்கவில்லை.

"அந்த முதல் மெயிலைக் காட்டு" என்றார்.

தங்கத்தைப் போட்டு அவர் மடியில் வைத்தாள். அவர் விரல் வரியில் மெதுவாகப் போய் தேதியில் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து தடவினார்.

"ஒம்பது நாளா எனக்கு வேலை இருந்திருக்கு. நான்தான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு நெனச்சு, ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்திருக்கேன்."

வரி தாண்ட எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அவள் அழுதுகொண்டே காட்டிக் கொடுத்தாள்.