பதினேழாம் மேடையில் வெயில்

"பாருங்கக்கா, சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துட்டார், இனி ஒரு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார், மாப்பிள்ளை தோத்தார்" என்று கீரைக்காரி மேடையோரத்தில் விழுந்த வெயிலைக் காட்டியபோது மணி பதினொன்று, கட்டடத்தை ஒப்படைக்க வந்திருந்த அவள் சிரித்துவிட்டாள், சிரித்திருக்கக் கூடாது, இந்தச் சந்தைக் கட்டடத்தை வரைந்தவளே அவள்தானே... மரம்போலக் கிளை விரிக்கும் இரும்புத் தூண்கள், இலை இலையாக வெட்டிக் கண்ணாடி பதித்த கூரை, தூணடியிலிருந்து வேர் ஓடுவது போல நாற்பது சிமெண்ட் மேடைகள். அட்டையில் மாதிரி செய்து, மேலே விளக்கைப் பிடித்துக் காட்டியபோது தேர்வுக் குழுவில் ஒருவர், காட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு என்றார், அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை நாள் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள், விளக்கைப் பிடித்த கை நகரவே இல்லையே என்று அப்போது ஏன் தோன்றவில்லை?

"நீங்கதானே கேட்டீங்க, உன் இடம் எதுன்னு" என்றாள் கீரைக்காரி. கேட்டாள்தான். வெளியே நிற்கும் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அப்போது சந்தை, மூன்று நாள் காலையில் வரைபடத்தோடு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள், இங்கதான் என்றார்கள், பெருக்கல் குறி போட்டாள். மக்களைக் கேட்டுக் கட்டிய சந்தை என்று பெருமை வேறு. அந்த 'இங்க' பத்தரைக்கு எழுந்து சாக்கை இழுத்துக்கொண்டு நிழலோடு நாலடி போகும், பன்னிரண்டுக்கு இன்னும் நாலடி, பழக்காரர் கீரைக்குப் பக்கத்தில் வந்து சேர்வார், பூண்டுக்காரியின் குழந்தை யார் மடியிலோ தூங்கும், காலையில் சண்டை போட்டவர்கள்கூட மதியத்துக்குள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாக வேண்டும்... பார்க்கவில்லையா அவள்? பார்த்தாள். அப்போது எடுத்த புகைப்படங்களில் ஒரே ஆள் மூன்று இடத்தில் இருந்தாள், ஒழுங்கில்லை என்று ஓரத்தில் குறித்துவைத்தாள்.

இப்போது எல்லோரும் அவரவர் எண்ணில். தூரத்தில் மூன்றாம் மேடையிலிருந்து பழக்காரர், "என்ன பதினேழு, குடை தரட்டுமா?" என்று கத்த, "கூரைக்குக் கீழ குடை பிடிச்சா என்னைப் பைத்தியம்னு சொல்லுவாங்க, நீயே பிடிச்சுக்கோ" என்று கீரைக்காரி திருப்பிக் கத்தினாள், கத்தினால்தான் கேட்கும் இப்போதெல்லாம். ஈரச் சாக்கை எடுத்து மூடினாள், வெயில் அதற்குள் மூன்றாவது வரிசைக் கட்டுகளைத் தொட்டிருந்தது, நேற்று பாதிக்குமேல் குப்பைக்குப் போனதாம், நாலு நாளாக இதே கதையாம். கண்ணாடிக்கு வெள்ளை அடிக்கலாம், அதற்கு மனு எழுதி, ஒப்புதல் வாங்கி, சாரம் கட்டி... மூன்று மாதமாவது ஆகும், கீரைக்கு மூன்று மாதம் தெரியுமா?

கண் தானாக வெளியே போனது. அந்த மரத்தை வெட்டாமல் காப்பாற்றியவளும் அவள்தான், எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றாள், வேரை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று சுற்றி வட்டமாக வேலி வரைந்தாள், ஒரு சின்னக் கதவு, ஒரு பூட்டு. உள்ளே நிழல் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது, பின்னால் போக ஆளில்லாமல்.

ஒரு மணிக்கு அதிகாரி வருவார், சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார், அத்தோடு அவள் வேலை முடிந்தது... பைக்குள் கொத்தைத் தேடிய விரல் அந்தப் பழைய நோட்டில் பட்டது. இடம் கேட்டுப் போன முதல் நாள் காலை எட்டு மணிக்கு இந்தக் கீரைக்காரியின் சாக்கு ஓரத்தில்தான் உட்கார்ந்தாள், எழுந்தபோது மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள், இல்லையா? அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க என்று யாரோ முழங்கையைத் தொட்டார்கள், தள்ளிக்கொண்டாள், மறுபடி தொட்டார்கள்... மூன்று நாளும் அவளும் நகர்ந்திருக்கிறாள், எழுதுகிற கையை நிறுத்தாமலே, எல்லாவற்றையும் எழுதினாள், அதை மட்டும் எழுதவில்லை.

கீரைக்காரி அவள் கையிலிருந்த கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, கோவிச்சுக்காதீங்க... அதுல அந்த வேலிச் சாவி ஒண்ணை மட்டும் எங்ககிட்ட மறந்து வச்சிட்டுப் போயிடுங்களேன்" என்றாள்.