ஐந்தருவி ரோட்டில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு

தென்காசிச் சட்டப்புலம் பிறந்த கதையை அதன் ஆண்டு மலரில் வருஷாவருஷம் முதல் பக்கத்தில் போடுவார்கள். கோர்ட்டுக்குப் போன அத்தனை வழக்கிலும் தோற்ற ஒரு ஜமீன்தார், இனி வக்கீல்களை நாமே தயார் பண்ணிக்கொள்வது என்று முடிவெடுத்து, வழக்கில் போனது போக மிச்சமிருந்த மாளிகையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்திரமே செல்லாது என்று அவருடைய மருமகன் போட்ட வழக்கு முப்பது வருஷம் நடந்தது. அது ஆண்டு மலரில் வராது.

நூறு வருஷம் தாண்டிய நிறுவனத்தில் பழமைக்குக் குறைவிருக்காது. புதுமைதான் இடித்தது. தர மதிப்பீட்டுப் படிவத்தில் ‘புதுமை முயற்சிகள்’ என்று ஒரு கட்டம், ‘பன்னாட்டுக் கூட்டுறவு’ என்று ஒரு கட்டம். போன தடவை முதல் கட்டத்தில், கழிப்பறைக்குத் தானாக மூடிக்கொள்ளும் குழாய் வைத்ததை எழுதியிருந்தார்கள். இரண்டாவதில் கோடு போட்டிருந்தார்கள்.

டீன் டாக்டர் லிங்கேஸ்வரனுக்குக் கோடு பிடிக்காது. இரண்டு கட்டத்தையும் ஒரே நாளில் நிரப்பிவிட, ‘சட்டக் கல்வியில் புதுமையும் பன்னாட்டுக் கூட்டுறவும்’ என்று ஒரு கருத்தரங்கை அறிவித்தார். அழைப்பிதழில் அவர் பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. நாள், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. இடம், குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் ஒரு ரிசார்ட். ஜூலை மாதம் குற்றாலத்தில் கருத்தரங்கு நடக்கும் என்று நம்புகிறவர் ஒன்று வெளியூராக இருக்கவேண்டும், இல்லை டீனாக இருக்கவேண்டும். இருநூறு பேர் பதிவு செய்தார்கள். சட்டத்துக்கு இவ்வளவு மவுசா என்று டீன் நெகிழ்ந்துபோனார்.

ஐரோப்பாவின் ஒரு பழைய பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் இங்கிரிட்டும் யாஸ்மின் என்ற ஆராய்ச்சி மாணவியும் வந்திருந்தார்கள். இவர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதில் டீனுக்குக் கொஞ்சம் மறதி உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து, ‘உங்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பதில் போட்டால் பதிலுக்குப் பதில் வரும் என்ற பயத்தில் டீன் அதை நூர்நிஷாவுக்குத் தள்ளிவிட்டார். நூர்நிஷா கௌரவ விரிவுரையாளர். பதவியின் பெயரிலே கௌரவம் உண்டு, துறையிலே அவளுக்கு நாற்காலி கிடையாது.

நூர்நிஷா ஒரே ஒரு கேள்வி எழுதினாள். ‘உங்களிடம் சட்ட அரபி வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் உண்டா?’ பதினோரு பேர் இருந்தார்கள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் காலை பதினோரு மணிக்கு, தென்காசியில் கிதிர் முகம்மதின் செல்போன் கடை மாடியில் கூட்டம். கல்ஃபுக்குப் போகிறவர்கள் வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபி. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாரத்துக்கொருவராகத் தூக்கக் கலக்கத்தோடு போனில் வந்து, அரபிப் பக்கத்தை வாசித்து ஆங்கிலத்தில் சொல்வார்கள். நூர்நிஷா அதைத் தமிழில் சொல்வாள். கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவரவர் பாடு. கல்லூரியில் ஓர் அறை கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் இரண்டு வருஷமாக டீனின் மேசையில் இருக்கிறது, மற்ற விண்ணப்பங்களுக்குத் துணையாக.

அந்த வாரம் கடை மாடி கிடையாது. நூர்நிஷாவை ரிசார்ட் வாசலில் பன்னீர் தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். ஐரோப்பாவிலோ கோடை விடுமுறை. பத்துப் பேர் எந்தெந்தக் கடற்கரையிலோ கிடந்தார்கள். பதினோராவது ஆளான யாஸ்மின் குற்றாலத்தில் இருந்தாள். விருந்தினர்களை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று டீனின் உத்தரவு.

இது தெரியாமல் முந்தின நாள் சாயங்காலம், கடை மாடிக்கு வாராவாரம் டீ கொண்டுவரும் ஹைருன் பீவி நூர்நிஷாவின் வீட்டுக்கு வந்தாள், கையில் நான்கு பக்க ஒப்பந்தம், பின்னால் மகன் சலீம். சலீம் ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன். செங்கோட்டை ஏஜெண்ட் விஜய்பாண்டி அவனுக்கு வேலை பிடித்திருந்தான். சனிக்கிழமை மூன்று மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும், தவறினால் அடுத்த ஆள். பாஸ்போர்ட் ஏஜெண்டிடம்.

“மொதப் பக்கத்துல எலக்ட்ரீஷியன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, லாத்தா. வேற என்ன வேணும்? உம்மாதான் கெடந்து அரிக்கி.”

“அரிக்காம என்ன செய்ய? ஒங்க வாப்பாவும் இப்படித்தான் கொட்டை எழுத்தப் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு. ஒனக்கு ஏழு வயசு ஆனப்பொறவுதான் ஒம் மூஞ்சிய வந்து பாத்தாரு. நீ யாருலேன்னு கேட்டாரு, நெனப்பிருக்கா?”

சலீமுக்கு நினைப்பு இருந்தது.

“பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட காட்டுனேன், நூரு. இது வக்கீல் அரபிம்மா, ஓதுத அரபி இல்லன்னுட்டாரு. நாளைக்குக் கடை மாடி உண்டுல்லா?”

நூர்நிஷா யோசித்தாள். “மாமி, நாளைக்குக் கடை மாடி கெடையாது. குற்றாலத்துக்கு வந்துருங்க. டீ குடிக்க விடுவாவ. அப்பம் அஞ்சு நிமிஷம் யாஸ்மின வாசிக்கச் சொல்லுதேன். யாருகிட்டயும் சொல்லாதிய.”

நூர்நிஷா சொன்னது ஹைருன் பீவிக்கு மட்டும். ஹைருன் பீவி சொன்னது இரண்டே பேருக்குத்தான். மற்றதை அந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பத்தரைக்கு விழா. பத்து இருபத்தைந்துக்கே வெளிநாட்டு விருந்தினர்கள் மேடையில் உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே இருநூறு நாற்காலி. ஒவ்வொன்றின் மேலும் கருத்தரங்குப் பை. மனிதர்கள் மட்டும் இல்லை. பத்தே முக்காலுக்கு டீன் தன் உதவியாளர் மாரிராஜைத் திரைக்குப் பின்னால் இழுத்தார்.

“எங்கலே எல்லாரும்?”

“மெயின் அருவில நிக்காவ, சார். பாதிப் பேரு ஐந்தருவிக்குப் போயிட்டாவ. அங்கன கூட்டம் கம்மியாம்.”

“கருத்தரங்கு?”

“தண்ணி இன்னைக்கு அருமையா விழுது, சார். கூடிப்போச்சுன்னா போலீசு தடை போட்டுருவாம்லா. கருத்தரங்கு எங்க போவுது, இங்கனதான கெடக்கு.”

“துறைத்தலைவர்?”

“அவருதான் சார் எண்ணெய் வாங்கியாந்து எல்லாருக்கும் குடுத்தாரு.”

டீன் நாற்பத்திரண்டு பக்க உரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அப்போது வாசலில் தென்காசி டவுன் பஸ் வந்து நின்றது. அடுத்தாற்போல் இன்னொன்று. மஞ்சள் பை, பிளாஸ்டிக் கவர், மடித்த காகிதம் என்று ஆளுக்கொன்றைப் பிடித்தபடி எழுபது பேர் இறங்கினார்கள். கடையத்திலிருந்து, சிவகிரியிலிருந்துகூட வந்திருந்தார்கள். வாசலில் நின்ற நூர்நிஷா பன்னீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலைகளை எண்ணத் தொடங்கினாள்.

டீன் கலங்கவில்லை. தன்னைத் தேடி ஒரு கூட்டம் வந்தால் ஏன் வந்தது என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. “பாத்தியாலே, மக்கள் பங்கேற்பு!” என்று மாரிராஜிடம் சொல்லிவிட்டு மேடை ஏறினார். விளக்கேற்றினார். பேசத் தொடங்கினார்.

முதல் பக்கத்தில் உலகம் ஒரு கிராமம் ஆனது. இரண்டாம் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஹைருன் பீவி மணியைப் பார்த்தாள். பதினொன்றரை. டீ வருகிற வழியாகத் தெரியவில்லை. எழுந்தாள், சலீமோடு மேடைப் படி ஏறினாள், ஒப்பந்தத்தை யாஸ்மின் முன்னால் விரித்தாள்.

“தங்கச்சி, இத மட்டும் வாசிச்சுச் சொல்லிரு. அவரு பேசிட்டு இருக்கட்டும்.”

யாஸ்மினின் முகம் மலர்ந்தது. மூன்று வருஷமாகப் போன் திரையில் பார்த்த முகம். “மாமி! சொகமா இருக்கியளா?” என்றாள். மேசையில் இருந்த மைக் அதை மண்டபம் முழுவதும் கொண்டுபோனது. அந்தப் பிள்ளை தமிழ் கற்றதெல்லாம் செல்போன் கடை மாடியில்தான். எழுபது பேரும் கைதட்டினார்கள். டீனின் உரைக்கு அதுவரை ஒரு தட்டும் விழவில்லை.

“என்ன நடக்கு இங்க? நூர்நிஷா!”

நூர்நிஷா ஓடிவந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், பேராசிரியர் இங்கிரிட் எழுந்து டீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உரையை நிறுத்திவிட்டு உங்கள் சனிக்கிழமைப் பணியை நேரிலேயே செய்துகாட்டுகிறீர்களே, இதைப் பார்க்கத்தான் வந்தோம் என்றார். இந்த முறையைத் தங்கள் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருப்பதாகவும் சொன்னார். டீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பாராட்டை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. “இது ஒரு எளிய தொடக்கம்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

யாஸ்மின் அரபிப் பக்கத்தில் விரலை ஓட்டினாள். விரல் இரண்டாம் பத்தியில் நின்றது. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். நூர்நிஷா இன்னொரு தடவை கேட்டாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“சலீம், இதுல எலக்ட்ரீஷியன்னு இல்ல. பேரீச்சந்தோப்புக் காவல்னு போட்டிருக்கு. மூணு வருஷம். மொதலாளி எழுதிக் குடுக்காம ஊருக்குத் திரும்ப முடியாது.”

“ஆங்கிலப் பக்கம்?” என்று சலீம் கேட்டான்.

நூர்நிஷா அந்தப் பக்கத்தின் கடைசி வரியைக் காட்டினாள். எறும்பு ஊர்ந்தது போல ஓர் எழுத்து. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அரபிப் பக்கமே செல்லும்.

எழுபது பேரும் தங்கள் தங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது சலீமின் போன் அடித்தது. அவன் அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், மேசை மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

“ஏலே சலீமு, கையெழுத்துப் போட்டியா இல்லியா?” ஏஜெண்ட் விஜய்பாண்டி.

“அண்ணாச்சி, அரபில தோப்புக் காவல்னு...”

“எவம்லே அத வாசிக்கச் சொன்னது? எந்த வெளங்காத பய சொன்னான் ஒனக்கு? போடுதேன்னா போடு, இல்லன்னா பாஸ்போர்ட்ட மறந்துரு. எந்தக் கொம்பன் வந்து கேக்கான்னு பாக்கேன்.”

டீன் லிங்கேஸ்வரன் முப்பத்தொரு வருஷமாக ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறார். பழுத்த இலை நிறத்தில் ஒரு நோட்டு, அதே உதாரணங்கள், கடைசி பெஞ்சில் அதே தூக்கம். கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஒப்பந்தம் போட்டு ஏமாந்த மனிதர் ஒருவரை ஐந்தடி தூரத்தில் பார்த்ததும் இல்லை. ‘வெளங்காத பய’ என்ற சொல் தன் மேடையில், தன் மைக்கில், வெளிநாட்டு விருந்தினர் முன்னால் ஒலித்தது அவரை எங்கோ தொட்டது. முதலில் தொட்டது கௌரவத்தைத்தான். பொய் சொல்வானேன். ஆனால் போனை வாங்கிய பிறகு நடந்தது வேறு.

“பேசுறது டாக்டர் லிங்கேஸ்வரன்” என்று தொடங்கினார். எம்.எல்., பி.எச்.டி., புலத்தலைவர், ஆட்சிமன்றக் குழு உறுப்பினர், பாடத்திட்டக் குழுத் தலைவர். அழைப்பிதழில் படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வரவழைத்த மூன்று வரியும், செங்கோட்டையில் ஒரு மனிதனுக்கு நாக்கை உலரவைத்தன. இரண்டாவது வரி முடியும்போதே அந்தப் பக்கம் “சார்” என்றது.

“ஒப்பந்தச் சட்டம் பதிமூணாம் பிரிவு தெரியுமாவே? ரெண்டு பேரும் ஒரே விஷயத்த ஒரே அர்த்தத்துல ஒத்துக்கிட்டாத்தான் அது சம்மதம். இந்தப் பையன் ஒத்துக்கிட்டது கரண்டு வேலைக்கு. நீரு எழுதி வச்சிருக்கது தோப்புக் காவலு. இதுல சம்மதம் எங்கன இருக்கு? சொல்லும், கேப்போம்.”

கடைசிக் கேள்வியில் நோட்டு இல்லை. அவருக்கே அது புதிதாக இருந்தது. இத்தனை வருஷமும் அந்தப் பிரிவைக் கரும்பலகையில் எழுதினாரே தவிர, யாரிடமும் கேட்டதில்லை.

“சார், கம்ப்யூட்டர்ல மாறி வந்துட்டு, சார். ஆபீஸ் பிள்ளைய தப்பா அடிச்சிட்டாவ. புதன்கிழமைக்குள்ள கம்பெனில பேசிப் புதுசு வாங்கிருதேன்.”

“பாஸ்போர்ட்டு?”

“குடுத்து விடுதேன், சார்.”

“விட வேண்டாம். நீரே வாரும். எழுபது பேரு இருக்காவ, சாட்சிக்கு ஆளு தேட வேண்டாம்.”

முக்கால் மணி நேரத்தில் விஜய்பாண்டி வந்தான், தலையெல்லாம் சாரல், பனியனுக்குள் பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட். ஹைருன் பீவி அதை வாங்கி மகனிடம் கொடுக்கவில்லை. தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“புதுசு வந்தாலும் நூரு வாசிச்சுச் சொல்லட்டும். அதுக்கப்புறம் போறது ஒம் பாடுலே” என்றாள்.

அதற்குள் டீனின் முன்னால் வரிசை நின்றது. ஏஜெண்ட் பெயரும் போன் நம்பரும் கையில். “எங்க ஆளுக்கும் ஒரு போன் போடுங்க, சார். அந்த மூணு வரியையும் சொல்லுங்க, அதான் முக்கியம்” என்றார் கடையத்துக்காரர். டீன் அவரை முறைத்தார். பிறகு நூர்நிஷாவைப் பார்த்தார்.

“மொதல்ல வாசிச்சுச் சொல்லுங்க, மேடம். என்ன தப்புன்னு தெரியாம நான் எப்படி ஏச?” கொஞ்சம் தயங்கினார். “சனிக்கிழமைக்கு, காலேஜுல பிள்ளைய வாதாடிப் பழகுத நீதிமன்ற ஹாலை எடுத்துக்கிடுங்க. பூட்டித்தான் கெடக்கு. சாவி மாரிராஜுகிட்ட இருக்கு.”

“விண்ணப்பம், சார்...”

“அத எவன் தேட? சாவிய வாங்குங்க.”

ஒரு மணிக்கு இருநூறு பேரும் ஈரத் தலையோடு சாப்பிட வந்தார்கள். புதுமையும் பன்னாட்டுக் கூட்டுறவும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எட்டிப்பார்த்த துறைத்தலைவர், எண்ணெய் வழியும் முகத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். டீன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து யாருடைய போனிலோ கத்திக்கொண்டிருந்தார்.

சலீம் யாஸ்மின் பக்கத்தில் போய் நின்றான்.

“எலக்ட்ரீஷியனுக்கு அரபில என்ன? எழுதிக் காட்டுதியளா?”

யாஸ்மின் பெரிதாக எழுதினாள். அவன் வலமிருந்து இடமாக விரலை ஓட்டினான். சின்ன வயதில் ஓதப் போன எழுத்துத்தான், எல்லாமே தெரிந்த எழுத்து. கூட்டிக் கூட்டி வாசித்தான். “கஹ்ரபாயீ.” இன்னொரு தடவை வாசித்தான். பிறகு அந்தத் தாளை எடுத்துப்போய் விஜய்பாண்டியின் முன்னால் வைத்தான்.

“அண்ணாச்சி, புதுப் பேப்பர்ல இந்த வார்த்தை இருக்கணும். நானே பாப்பேன்.”

விஜய்பாண்டி தலையாட்டினான். சலீமின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு யாஸ்மினிடம் வெள்ளைத் தாளை நீட்டியது.

“தங்கச்சி, கொத்தனாருக்கு என்ன?”