எடுத்த அன்றே வைத்த பல்

ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் ஜெயகரன் மடியில் கைக்குட்டையை விரித்து வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்தார். உரித்ததில் பாதியை எதிரே உட்கார்ந்திருந்த மகள் நளினியின் கையில் வைத்தார். கொஞ்சத்தை மனைவி ஜூடித்திடம் கொடுத்தார். மிச்சத்தைத் தன் கடவாயில் ஒதுக்கிக்கொண்டார். மேல்வரிசை முன் பல் பாதியில் முறிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. காற்றுப் பட்டாலே கூசியதால் வாயை மூடிக்கொண்டே சிரித்தார்.

“டாடி, கடலைய வாயில வச்சிகினு போய் உட்காந்தீங்கன்னா எங்க டாக்டரு பல்ல உட்டுட்டு கடலையத்தான் முதல்ல புடுங்குவாரு” என்றாள் நளினி.

“புடுங்கட்டுமே. நீ சொன்ன மாதிரி அந்த எடத்துல அன்னிக்கே வேற கடலைய நட்டுட மாட்டாரு?”

“மம்மி, பாருங்க இவர!”

“நீயாச்சு, உங்க டாடியாச்சு. என்ன உடுங்க” என்று ஜூடித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே கேழ்வரகு வயல்களின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு, ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. மூவரும் நெஞ்சில் பாரமில்லாமல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது அதுதான் கடைசி என்று பின்னால் பலமுறை ஜூடித் எண்ணிப் பார்த்தாள்.

ஜெயகரன் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கடியில் பாறை இறங்காமல் மரமுட்டு நிறுத்துகிற வேலை. அந்தத் திங்கட்கிழமை காலை ஷிப்டில் பலகை ஒன்று நழுவி வாயில் அடித்தது. சுரங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். அவரோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டு, வீட்டுக் குழாயில் இடித்துக்கொண்டதாக எல்லோரிடமும் சொன்னார். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் பல்லோடு விடமாட்டார்கள், முழு மெடிக்கலும் எடுப்பார்கள். அவருக்கு ஆகாத காரியம் அது.

இருபது வருடத்துக்கு முன்பு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்று ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் வெகுநேரம் குழலை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார். வந்திருந்தது. அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது, ரத்தம் கசிகிறது என்றார். “என்றைக்காவது பல் பிடுங்கினாலோ ஆபரேஷன் செய்தாலோ முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுங்கள். மறக்கக் கூடாது.” சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்துவிட்டார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் ‘அன்ஃபிட்’ என்று எழுதி, சுரங்க வேலையிலிருந்து எடுத்து மேலே ஏற்றிவிடுவார்கள். கேட்டில் உட்கார வைப்பார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அவர்கள் குடியிருந்ததும் கம்பெனியுடையதுதான். சீட்டு அன்றைக்கே அடுப்புக்குள் போயிற்று. நளினிக்கு அப்போது இரண்டு வயது. வளர்ந்த பிறகும் அவளுக்குச் சொல்லவில்லை. லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் பேசுவது பத்து வீட்டுக்குக் கேட்கும்.

அவர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. இருமல்காரர்கள் மெடிக்கலுக்குப் போகும் வழியெல்லாம் இஞ்சியை அடக்கிக்கொண்டு போவார்கள். பார்வை மங்கியவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளை முன்னதாகவே மனப்பாடம் செய்வார்கள். ஜூடித் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், சர்ச் நர்சரிப் பள்ளியில் டீச்சர். லைனில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அவளிடம்தான் வரும். நோய் விவரம் கேட்கும் கட்டத்துக்கு வந்தால் யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவாள். அதைப் பொய் என்று லைனில் யாரும் நினைத்ததில்லை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட அந்த வருடம் இந்தப் பழக்கம் இன்னும் இறுகியிருந்தது. முதலில் அன்ஃபிட் ஆட்களைத்தான் அனுப்புவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

நளினி பெங்களூரில் டாக்டர் மஞ்சுநாத்தின் பல் கிளினிக்கில் இரண்டு வருடமாக வேலை பார்த்தாள். தினமும் ரயிலில் போய் வருவாள். அப்பாவின் பல்லைப் பற்றி அவள் சொன்னதும், “கூட்டிட்டு வாம்மா, நானே பார்க்கறேன்” என்றிருந்தார் டாக்டர்.

சின்ன வயது டாக்டர். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகி விரலால் காட்டினார். “அங்கிள், வேரோட நுனி வரைக்கும் விரிசல். எடுத்தே ஆகணும். எடுத்துட்டு மூணு மாசம் காத்திருந்து கட்டுப்பல் வைக்கலாம். இல்லன்னா, இன்னிக்கே எடுத்து, அந்தக் குழியிலயே டைட்டானியம் திருகு ஒண்ணு போட்டுடலாம். இம்பிளான்ட்னு சொல்வோம். மேல தற்காலிகமா ஒரு பல் ஒட்டித் தர்றேன், பார்வைக்குத்தான், அதால கடிக்கக் கூடாது. நாலஞ்சு மாசத்துல எலும்பு திருகைப் பிடிச்சுக்கும். அப்புறம் நிரந்தரப் பல்.”

“அன்னிக்கே எதுக்கு சார்?”

“பல் போன இடத்துல எலும்பு சும்மா இருக்காது. உள்வாங்கி இறங்கிடும்.”

ஜெயகரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அத சொல்லுங்க! ஜூடி, கேட்டியா? எங்க வேலையும் இதான் சார். பழைய முட்ட எடுத்தா கையோட புது முட்ட நிறுத்திடணும். டீ குடிச்சிட்டு வரேன்னு போனா மேல இருந்து மல இறங்கிடும். நீங்க இன்னிக்கே போடுங்க.”

டாக்டர் சிரித்தார். நளினி மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே அட்டையில் செருகிய படிவத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கருவிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

ஜூடித் பெயர், வயது, விலாசம் எழுதினாள். சர்க்கரை, இல்லை. ரத்த அழுத்தம், இல்லை. அடுத்த வரி இதயத்தைக் கேட்டது. பேனா நின்றது.

“இன்னாங்க” என்றாள் மெல்ல. “இது நம்ம பாப்பாவோட எடம்தானே. சொல்லிடலாமா?”

“சொன்னா இன்னா ஆவும்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் சீட்டு வாங்கிகினு வாங்கன்னுவாரு. அங்க போனா கம்பெனி கார்டு எங்கன்னு கேப்பான். முடிஞ்சிது கத.”

“அந்த டாக்டரு அன்னிக்கு...”

“இருபது வருஷம் ஆச்சி. தெனம் மூவாயிரம் அடி எறங்கி ஏறிகினு கீறேன். எனக்கு இன்னா ஆச்சி? எழுது மே.”

அவள் எழுதினாள். கை பழகிய வேகத்தில் எழுதிற்று.

நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன் டாக்டர் வாயாலும் கேட்டார். “அங்கிள், இதயத்துல ஏதாவது? வால்வு? சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல்?” இந்த மூன்றாவது கேள்வி வந்தபோது ஜூடித் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்லு மாதிரி கீறேன் சார்” என்றார் ஜெயகரன்.

ஒன்றே கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வெளியே வந்தபோது உதடு மரத்துக் கோணியிருந்தது, ஆனால் வரிசை குறையவில்லை. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டார். எட்டாம் நாள் போய்த் தையல் பிரித்தார்கள். ஈறு அழகாகச் சேர்ந்திருக்கிறதென்று டாக்டர் நளினியையே கூப்பிட்டுக் காட்டினார்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. சாயங்காலமானால் உடம்பு சுடும், காலையில் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். சோறு இறங்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டார். நளினி காலையில் போய் இருட்டிய பிறகு வருபவள். அவள் கேட்டபோது, “மழையில நனைஞ்சேன் பாப்பா” என்றார். ஜூடித்துக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் பயந்தது கம்பெனி ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே போகாமல் எப்படிச் சமாளிப்பது என்றுதான் அவள் புத்தி ஓடியது. மருந்துக் கடையில் கேட்டு வேறு மாத்திரை வாங்கி வந்தாள்.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வலது பக்கம் செத்திருந்தது. பேச்சும் போயிருந்தது.

பெங்களூரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். இதய டாக்டர் கையில் காகிதத்தோடு வராந்தாவுக்கு வந்தார். ஜூடித்தும் நளினியும் எழுந்து நின்றார்கள். வால்வில் கிருமி பிடித்திருக்கிறது, அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போய்விட்டது என்றார். சமீபத்தில் பல் எடுத்தார்களா என்று கேட்டார். அநேகமாக அந்தப் புண் வழியாகத்தான் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார். பிறகு ஜூடித்தைப் பார்த்தார்.

“இந்த வால்வு ரொம்ப நாளாவே கெட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது சார்” என்றாள் ஜூடித்.

யோசித்துச் சொல்லவில்லை. டாக்டர் கேட்டார், வாய் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற நளினி, “யாருக்குமே தெரியாது டாக்டர்” என்று அழுதாள். அதற்குமேல் ஜூடித்தால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நான்காம் நாள் மத்தியானம் ஜெயகரன் இறந்தார்.

அடக்கத்துக்கு லைன் முழுவதும் வந்தது. துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. பக்கத்து வீட்டு சுந்தரராஜ் ஜெயகரனோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர், யூனியன்காரர். “புண்ணு ஆறவே இல்ல, அதுக்குள்ள இரும்ப ஏத்தியிருக்கான். ஒரே நாள்ல புடுங்கி ஒரே நாள்ல நட, அது இன்னா நாத்தா?” என்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே சத்தம் போட்டார். அது இரும்பில்லை என்று நளினிக்குத் தெரியும். ஆனாலும் அவளும் உடைந்திருந்தாள். டாக்டர் ஒரு வார்த்தை கூடுதலாக விசாரித்திருக்கலாம், இதயத்தைச் சோதிக்கச் சொல்லியிருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

பதினாறாம் நாள் காலையில் சுந்தரராஜ் நான்கு முழுத்தாளோடு வந்தார். கிளினிக்கின் மேல் புகார் கொடுக்க வேண்டும், டாக்டரின் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும்.

“அண்ணி, கையெழுத்து போட லைன்ல முப்பது பேரு ரெடி. நீங்க எழுதுனாத்தான் எடுப்பா இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.”

நளினி பேனாவின் மூடியைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

‘நோயாளியின் உடல்நிலை பற்றி எதுவும் விசாரிக்காமல்’ என்று சுந்தரராஜ் ஆரம்பித்தார். ஜூடித் ‘நோயாளியின்’ என்று எழுதினாள். பேனாவைத் தாளின் மேல் படுக்க வைத்தாள்.

“விசாரிச்சாரு” என்றாள்.

“இன்னா அண்ணி?”

“மூணு தரம் விசாரிச்சாரு. எங்களுக்குத் தெரியும். நான்தான் இல்லன்னு எழுதுனேன்.”

நளினிக்கு முதலில் புரியவில்லை. “ஆஸ்பத்திரியில தெரியாதுன்னு சொன்னீங்களே மம்மி.”

“அதுவும் பொய்தான்.”

“எப்போலருந்து தெரியும்?”

“உனக்கு ரெண்டு வயசு அப்போ.”

நளினி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பேசியபோது அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. ஜூடித்துக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“நாலு கேப்ஸ்யூல் மம்மி. கிருமி ஏறாம இருக்க, பல்லு எடுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்ன. வால்வு பேஷன்ட் வந்தா நான்தான் தண்ணியோட எடுத்துகினு போய்க் குடுப்பேன். மாசத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க. அப்படியும் ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரலாம்னு டாக்டரு சொல்வாரு. ஆனா குடுத்திருப்பேன் இல்ல? டாடிக்கு என் கையால குடுத்திருப்பேன். டாக்டரும் இம்பிளான்ட்டே வேணாம்னு சொல்லியிருப்பாரு. என்கிட்ட கூடவா மம்மி?”

ஜூடித் மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள்.

சுந்தரராஜ் தாள்களை மெதுவாகச் சேர்த்து மடித்தார். நடுச்சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணி, சொன்னது சொன்னீங்க, என்னோட போவட்டும். வெளிய உட்டுடாதீங்க. மறைச்சி வேல செஞ்சாருன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா வரவேண்டியது எதுவும் வராது. வீட்டையும் காலி பண்ணச் சொல்வான். புகாரு வேணாம், உட்டுடலாம். யாராவது கேட்டா, ஏழைக்கு எங்க நியாயம்னு சொல்லிக்கலாம்.” செருப்பை மாட்டும்போது, “நம்ம ஆளுங்க யாரு சொல்றாங்க அண்ணி? நானே சொல்ல மாட்டேன்” என்றார்.

அடுத்த வாரம் ஜூடித் தனியாக ரயில் ஏறி டாக்டரிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். மஞ்சுநாத் பீரோவிலிருந்து ஜெயகரனின் ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

“இது உங்க எழுத்தா?” என்றார். “நளினி நிரப்பினதுன்னு நினைச்சேன். வால்வுன்னு கேள்விப்பட்டதும், அவதான் அப்பாவோட நோயை மறைச்சுட்டாள்னு தோணிச்சு. அதனாலதான் ஒண்ணும் கேட்கல. ஏற்கெனவே நொந்து போயிருப்பா.”

ஜூடித் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் மன்னித்ததாகச் சொல்லவில்லை. நளினி வந்தால் வேலை இருக்கிறது என்றார். நளினி போகவில்லை. ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், பெங்களூரிலேயே அறை எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். அப்பாவைப் பற்றிப் பேச மாட்டாள்.

அடுத்த வருடம் மார்ச்சில் சுரங்கத்தை மூடினார்கள். வரவேண்டியது வந்த பிறகு ஜூடித் மறைக்கவில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள். டாக்டர் மேல் தப்பில்லை, எங்கள் மேல்தான் தப்பு என்றாள். பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம், புருஷன் போன துக்கத்தில் தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரே நாளில் பல்லைப் பிடுங்கித் திருகு ஏற்றியதால்தான் ஜெயகரன் செத்தார் என்று சாம்பியன் ரீப்ஸில் இன்றும் சொல்கிறார்கள்.